களையெடுக்கும் கைகளும் கபசுரக் குடிநீரும்

கபசுரக் குடிநீர் என்ற சித்த மருத்துவக் கஷாயப் பொடியில் 15 சரக்கு. சுக்கு, திப்பிலி, கிராம்பு, அக்கரகாரம், சிறுகாஞ்சொறி வேர், நீர்முள்ளி வேர், கடுக்காய்த் தோல், ஆடாதொடை இலை, கற்பூரவள்ளி, கோஷ்டம், சீந்தில் தண்டு, சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி வேர், கோரைக்கிழங்கு. 2020 மார்ச் 7ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஏப்ரலில் அரசு 'ஆரோக்கியம்' திட்டத்தை அறிவித்தது. அதற்குப் பிறகு இந்தப் பொடி பொட்டலம் பொட்டலமாக ஊர் ஊராகப் போனது. பேருந்து நிலையம், மார்க்கெட், ரேஷன் கடை என்று கூட்டம் சேரும் இடமெல்லாம் அண்டாவில் காய்ச்சிக் காகிதக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

இந்தப் பட்டியலை டெல்டாக்காரர் ஒருவர் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். கோஷ்டம் இமயமலைப் பக்கத்துச் சரக்கு. அக்கரகாரமும் வெளியிலிருந்து வருவது. கிராம்பும் திப்பிலியும் மலைநாட்டுப் பொருட்கள். ஆனால் கோரை? நம் நஞ்சையின் தீராத களை அது. எத்தனை தடவை பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து மறுபடி தலைநீட்டும். நீர்முள்ளி வாய்க்கால் ஓரத்துச் செடி. ஆடாதொடை ஆடு கடிக்காத வேலி. சீந்தில் வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு தொங்கும். கற்பூரவள்ளி கொல்லைக் குழாயடியில் தானாகப் பரவிக் கிடக்கும். சிறுகாஞ்சொறி தொட்டால் அரிக்கும் என்று பிள்ளைகள் ஒதுங்கிப் போகிற வேலிக்கொடி. பாதிக்குப் பாதி நம் வரப்பிலும் வேலியிலும் இருப்பவை.

இவற்றில் பலவற்றைப் பிடுங்கி எறிவதற்குத்தான் இங்கே கூலி கொடுக்கிறார்கள். அந்தக் களையெடுப்பு வேலையைக் காலங்காலமாகச் செய்துவருபவர்கள் பெண்கள். நாகை, திருவாரூர், மயிலாடுதுறை பக்கங்களில் அவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் பயிரையும் களையையும் பிரித்துப் பிரித்துப் பார்க்கிற கண்ணுக்கு, எந்தச் செடி எந்த மண்ணில் வரும், எந்தப் பட்டத்தில் வரும், பூப்பதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் படிந்துபோகிறது. பிடுங்கியதில் பெரும்பகுதி வரப்பில் வீசப்படும், கொஞ்சம் மாட்டுக்குப் போகும். ஒரு கைப்பிடி மடியில் ஏறும். கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் அப்படி மடியேறி வீட்டுக்கு வந்தவைதான்.

கொரோனா காலத்தில் மூலிகை பெரிய பேச்சாக இருந்தது. தொலைக்காட்சியில் பேசினார்கள், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தார்கள், நாட்டு மருந்துக் கடையில் வரிசையில் நின்றார்கள். அந்தச் செடிகளை அன்றாடம் தொட்டு வாழ்கிற பெண்களிடம் மட்டும் யாரும் பெரிதாக எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் சொல்லியிருக்கக்கூடியது இலையின் பெயரோடு நின்றிருக்காது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்பதில்தான் அவர்களுடைய அறிவின் கனம் இருக்கிறது. பொடியில் அடைக்க முடியாத பகுதி அது. பெருந்தொற்று வேளையில் நமக்கு மிகவும் தேவைப்பட்டதும் அதுதான்.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலைக்கு இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் செடி. வயலில் அதைப்போலவே இருக்கும் செடிகள் இரண்டு மூன்று உண்டு. பழகிய பெண் செடியைக் கொத்தாகப் பிடுங்குவதில்லை. ஒரு கிளையைத் திருப்பிப் பார்க்கிறாள். இலைக்காம்பின் அடிப்பக்கம் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள் வரிசையாகத் தொங்க வேண்டும். தண்டு சிவந்திருந்தால் அது வேறு என்று தள்ளிவிடுகிறாள். வேரோடு எடுத்து மண் போக அலசுகிறாள். வடிகால் ஓரத்தில் முளைத்ததை, மருந்தடித்த வயலில் முளைத்ததை எடுப்பதில்லை. வெறும் வயிற்றில் மோரில் கலந்து கொடுத்தால் உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் கூடாது, மூன்று நாள் பார்ப்பது. கண்ணின் வெள்ளை தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது. 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்கிற பழமொழி இந்தக் கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இதே சீந்தில் கொரோனா காலத்தில் என்ன பாடுபட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று கேட்டவர்கள் வாரக்கணக்காக, சிலர் மாதக்கணக்காக, தினமும் குடித்தார்கள். சீந்தில் குடித்துவந்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. அவர்கள் சாப்பிட்டது சீந்திலைப் போன்ற வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. எந்தப் பக்கம் சரி என்றாலும் முடிவு ஒன்றுதான். செடியைச் சரியாக அடையாளம் காண்பதும் அளவோடு நிறுத்துவதும் மருந்தின் பாதி. அந்தப் பாதியைத் தெரிந்தவரை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஊருக்கெல்லாம் விற்றோம்.

கபசுரக் குடிநீர் கொரோனாவைக் குணப்படுத்தியதா? அதைக் குறித்துச் சில ஆய்வுகள் நடந்தன. அவை பெரும்பாலும் சிறியவை, லேசான பாதிப்பு உள்ளவர்களிடம் செய்யப்பட்டவை. உயிரைக் காத்தது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல அவை போதாது. உயிரிழப்பைக் குறைத்தது தடுப்பூசி. மூச்சுத் திணறியவர்களைக் காத்தவை ஆக்சிஜனும் உரிய நேரத்தில் கிடைத்த ஸ்டீராய்டும். பெண்களின் மூலிகை அறிவை மதிக்க வேண்டும் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் அந்த அறிவுக்கே கெடுதல். பொய்யான வாக்குறுதியைத் தூக்கிச் சுமக்க வைத்தால், அது உண்மையாகச் செய்த வேலையும் கண்ணில் படாமல் போய்விடும்.

உண்மையாகச் செய்த வேலை எது? இதற்குக் கொரோனாவைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டெல்டா கிராமங்களுக்குத் தொற்று புதிதல்ல. வாந்திபேதி, பெரியம்மை, சின்னம்மை எல்லாம் ஊரைச் சுற்றிவந்த மண் இது. அம்மை கண்டால் வீட்டு நிலையில் வேப்பிலை செருகுவார்கள். அந்தக் கொத்தைப் பார்த்தவர் உள்ளே நுழைய மாட்டார். அந்த வீட்டில் தாளிப்பு இல்லை, பொரிப்பு இல்லை, வெளியூர்ப் பயணம் இல்லை. நோயாளியின் துணி தனி, பாய் தனி. வேப்பிலையைத் தலைமாட்டில் பரப்பி, அரிப்பெடுத்தால் கொழுந்தால் தடவிவிடுவார்கள். நீராகாரம், மோர், இளநீர், பானகம் என்று நீராகவே உள்ளே போகும். கொப்புளம் வாடிய பிறகு, ஒற்றைப்படை நாளாகப் பார்த்து மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி முடிந்த பின்புதான் வெளியே வருவது. புன்னைநல்லூர் மாரியம்மனுக்கும் சமயபுரத்தாளுக்கும் நேர்ந்துகொள்வது தனி. இந்த முழு ஏற்பாட்டையும் நடத்தியவர்கள் வீட்டுப் பெண்கள், கூடவே தெருவில் விவரம் தெரிந்த ஒரு அப்பாயியோ அம்மாயியோ.

நோயாளியைத் தனியாக வைப்பது, அதை ஊருக்கு அறிவிப்பது, நீர்ச்சத்துக் குறையாமல் பார்ப்பது, எப்போது தனிமை முடிகிறது என்பதற்கு ஒரு கணக்கு வைப்பது. இவ்வளவும் அதில் இருக்கிறது. முக்கியமாக, வேப்பிலை செருகிய வீட்டை யாரும் இழிவாகப் பார்க்கவில்லை. வாசலில் இளநீரை வைத்துவிட்டுப் போவார்கள். 2020இல் சில ஊர்களில் தொற்று வந்த வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகரம் அடித்த வீட்டுக்காரர்கள் குற்றவாளியைப் போலக் கூனிக் குறுகினார்கள். அதனாலேயே அடுத்த தெருவில் காய்ச்சல் வந்தவர்கள் வெளியே சொல்லாமல் மறைத்தார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. வேப்பிலையால் பெரியம்மை ஒழியவில்லை. அதை ஒழித்தது தடுப்பூசி. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல் பதிவானார். அம்மை என்றால் தெய்வம் என்று வைத்தியம் பார்க்காமல் விட்டதால் போன உயிர்களும் உண்டு. ஆனால் தடுப்பூசி கைக்கு வரும் வரை நோயாளியைக் கிடத்திப் பார்த்துக்கொள்ள ஒரு முறை இருந்தது. கொரோனாவிலும் முதல் ஊசி 2021 ஜனவரியில்தான் வந்தது. அதுவரையான மாதங்களை ஊர் எப்படிக் கடந்தது என்பதுதான் கேள்வி.

2020 மார்ச் 25 முதல் பஸ் நின்றுபோனது. கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ போய் மாத்திரை வாங்கிவந்தவர்கள் வீட்டில் முடங்கினார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரி போகப் பயம், போனால் கொண்டுபோய்த் தனியாக அடைத்துவிடுவார்கள் என்ற பேச்சு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் அன்று மருத்துவக் கல்லூரி கிடையாது. அது திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். மோசமானவர்களைத் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ கொண்டுபோக வேண்டும். மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியதே 2020 டிசம்பரில். இந்த இடைவெளியை நிரப்பியது கைவைத்தியம்.

இதற்கிடையில் வயல் வேலை வேறு. மேட்டூர் அணை எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கமான நாளில், 2020 ஜூன் 12 அன்று, திறக்கப்பட்டது. 2021இலும் அதே தேதியில் திறந்தார்கள். இரண்டாவது அலையின் சூடு ஆறுவதற்குள் குறுவை நடவு வந்துவிட்டது. நடவு என்பது ஆளோடு ஆள் உரசிக்கொண்டு வரிசையில் நிற்கிற வேலை, ஒரே சொம்பில் தண்ணீர் குடிக்கிற வேலை. நடவு ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போகும் கொத்துத் தலைவி ஒருத்தி முதல் நாள் இரவே யார் யாருக்குச் சளி, யார் வீட்டில் காய்ச்சல் என்று விசாரித்து அவர்களை நிறுத்திவிட்டு ஆள் சேர்த்தால், அந்தக் கொத்து பிழைக்கும். அவரவர் வீட்டிலிருந்து அவரவர் பாட்டிலில் சுக்கு மல்லித் தண்ணீர். வேலைக்கு வராதவர் வீட்டுக்கு மிளகு ரசமும் தூதுவளைத் துவையலும். இதையெல்லாம் எந்த அறிக்கையும் பொதுச் சுகாதாரம் என்று குறித்துவைக்காது. அது பொதுச் சுகாதாரம்தான்.

வேது பிடிப்பதை, அதாவது ஆவி பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் இதைப் போலக் கெடுக்கப்பட்ட முறை வேறில்லை. பழைய வழி இது. வாயகன்ற மண்சட்டியில் நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்குவார்கள். அடுப்பில் செங்கல் துண்டு ஒன்று சிவக்கச் சூடேறிக்கொண்டிருக்கும். நோயாளி போர்வைக்குள் உட்கார்ந்த பிறகு, விவரம் தெரிந்த பெண் இடுக்கியால் செங்கல்லை எடுத்துச் சட்டிக்குள் மெதுவாக விடுவாள், ஆவி குபுகுபுவென்று எழும். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நெற்றி வியர்த்ததும் போர்வையை விலக்கித் துடைத்துவிடுவாள். கர்ப்பிணிக்குக் கிடையாது, இதயக் கோளாறு உள்ளவருக்குக் கிடையாது, சின்னப் பிள்ளைக்குத் தழையைத் தலையணைக்கடியில் வைப்பதோடு சரி. முடிந்ததும் காற்றுப்படாமல் படுக்க வேண்டும். அதனால் ராத்திரி படுக்கப் போகும்போதுதான் பிடிப்பது. மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், தூக்கம் வரும். வைரஸைக் கொல்லும் என்று அவள் சொல்லவில்லை.

அதையே 2021இல் குழாய்கள் பொருத்திச் சந்தியில் வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஆவி பிடித்தார்கள். தொற்று பரவும், பொது இடங்களில் இதைச் செய்யாதீர்கள் என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அந்த மே மாதம் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. வீட்டில் குக்கர் விசிலில் குழாய் மாட்டி முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற அந்தப் பெண்ணை நீக்கிவிட்டால் வேது வெறும் கொதிநீர்.

ஆனால் அவளுடைய கண்ணையும் ஏமாற்றிய நோய் கொரோனா. மற்ற காய்ச்சலில் மூச்சு வாங்கினால் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடும், மூக்குத்துளை விரியும், பேச்சு துண்டு துண்டாக வரும். அதைப் பார்த்து வண்டி கட்டச் சொல்வார்கள். கொரோனாவில் பலருக்கு ஆக்சிஜன் அளவு வெகுவாக இறங்கிய பிறகும் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இல்லாமல் அது தெரியாது. அந்தச் சின்னக் கருவியை ஊருக்கு நாலு பேராக, தெருவே நம்புகிற பெண்கள் கையில் கொடுத்து, 94க்குக் கீழே போனால் காத்திருக்காதே என்று ஒரே ஒரு பாடம் சொல்லியிருந்தால் எத்தனை பேர் முன்கூட்டியே ஆஸ்பத்திரி சேர்ந்திருப்பார்கள்! அவர்கள் சொன்னால் தெரு கேட்கும். ஆம்புலன்ஸ் வந்தால் ஒளிந்துகொண்டவர்கள்கூட, பிள்ளைப்பேறு பார்த்த கிழவி சொன்னால் கிளம்பியிருப்பார்கள்.

பிள்ளைப்பேறு பார்த்தவர்களின் கதையிலேயே இந்த ஊரின் மனசு தெரியும். டெல்டாவில் அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். மருத்துவச்சி என்றுதான் பெயர். உரைமருந்து உரைத்தது, பிரசவ லேகியம் கிண்டியது, தொப்புள்கொடி அறுத்தது எல்லாம் அவர்கள். கொடுத்த கூலி சில படி நெல். தொட வேண்டிய நேரத்தில் தொட விட்டார்கள், மற்ற நேரத்தில் திண்ணைக்குக் கீழே நிறுத்தினார்கள். அறிவு இருந்தும் மரியாதை இல்லாத நிலை அப்போதே தொடங்கியது.

இதே தஞ்சாவூரில் எழுதப்பட்ட மருத்துவத்துக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் 1798 முதல் 1832 வரை ஆண்டவர். தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவ நிலையமே வைத்திருந்தார். அங்கே கையாண்டு பார்த்த மருந்துகளைத் தமிழ்ப் பாட்டாக எழுதவைத்தார். சரஸ்வதி மகால் நூலகம் அவற்றைச் சரபேந்திர வைத்திய முறைகள் என்று நோய்வாரியாக அச்சிட்டிருக்கிறது. மகத்தான பணி, சந்தேகமே இல்லை. ஆனால் அரண்மனைக்குச் செடி கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார், அந்தச் செடியை முதலில் காட்டியது எந்தக் கை என்பது பாட்டில் இல்லை.

அன்று பாட்டில் விடுபட்டவர்கள் இன்று சட்டத்திலும் விடுபடுகிறார்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், உள்ளூர் மக்களின் அறிவைப் பயன்படுத்தி லாபம் பார்ப்பவர் அந்த லாபத்தில் பங்கு தர வேண்டும் என்றது. 2023இல் வந்த திருத்தம், நூலில் பதிவான மரபறிவுக்கு இந்தக் கடமையிலிருந்து விலக்குக் கொடுத்தது. மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் பட்டியலில் உள்ள சித்த, ஆயுர்வேத நூல்களில் ஒரு முறை இருந்துவிட்டால் போதும், அதைத் தயாரிக்கும் கம்பெனி யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. கோரைக்கிழங்கும் ஆடாதொடையும் நூலில் இருக்கின்றன. களையெடுக்கும் பெண் நூலில் இல்லை. அப்படியானால் அவள் அறிவை எழுதாமல் விட்டாலும் கேள்வி கேட்பாரில்லை, எழுதி நூலாக்கிவிட்டாலும் அவளுக்கு ஒன்றும் வராது.

மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்து, இந்திய அரசின் அறிவியல் ஆய்வு மன்றம் வழக்காடி 1997இல் அதை நீக்க வைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு மரபறிவைக் கணினியில் தொகுத்தார்கள். வெளிநாட்டுக்காரரிடமிருந்து காத்தார்கள். உள்ளூரில் அந்த அறிவுக்கு உரியவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வேறு மாதிரியும் நடக்க முடியும். அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் 1987இல் ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து செய்த மருந்தின் உரிமத் தொகையில் அவர்களுக்குப் பங்கு போனது. அதில் குறை சொல்பவர்கள் உண்டு, ஆனால் பெயராவது பதிவானது. திருவனந்தபுரம் மாவட்டத்துக் காட்டுக்குள் வாழும் காணிப் பெண் லட்சுமிக்குட்டிக்கு மூலிகை மருத்துவத்துக்காக 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செங்கல்பட்டுப் பக்கம் தண்டரையில் இருளர் பெண்கள் 1986 முதல் சங்கமாகச் சேர்ந்து நாற்றுப் பண்ணையும் மூலிகை மருந்தும் நடத்துகிறார்கள்.

டெல்டாவின் வடக்கு ஓரத்திலும் இருளர் உண்டு. கொள்ளிடத்துக்கு அப்பால் பிச்சாவரம், கிள்ளை பக்கம் உப்பங்கழியில் கழுத்தளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் அவர்கள். வேர், பட்டை, விஷக்கடி பற்றிய அவர்களின் அறிவை அக்கம்பக்கத்து மீனவக் குப்பங்கள் நம்பியிருந்தன. ஊரடங்கில் இறால் வாங்க ஆளில்லை. சாதிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் இல்லாத குடும்பங்களுக்கு நிவாரணமும் எட்டவில்லை. நரிக்குறவர் நிலையும் அதுதான். திருவிழாக்கள் நின்றன, 2020 வேளாங்கண்ணித் திருவிழா பக்தர்கள் இல்லாமலே நடந்தது, பாசிமணி விற்க இடமில்லை. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பட்டினி கிடந்தவரிடம் போய் உங்கள் மூலிகை ரகசியம் என்ன என்று கேட்பது அநியாயம். முதலில் சோறு, சான்றிதழ், மனை. பிறகு அவர்கள் விரும்பினால் மற்றது.

செடியே இல்லாமல் போனால் அறிவு எங்கே தங்கும் என்பது அடுத்த கவலை. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நேரடி விதைப்புக்கு மாறிய வயல்களில் களைக்கொல்லிதான் களையெடுக்கிறது. தெளித்த பத்தாம் நாள் வரப்பு வரைக்கும் பழுத்துப்போகும். கரிசலாங்கண்ணி, வல்லாரை, கீழாநெல்லி எல்லாம் அதில் போகிறவைதான். மிச்சம் நிற்பதும் நஞ்சு குடித்துத் தப்பியது. விவரம் தெரிந்த பெண் அதைத் தொட மாட்டாள். முப்பது வயதுக்குக் கீழே உள்ள பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ டவுன் ஜவுளிக் கடைக்கோ போய்விட்டார்கள். களையெடுக்கும் வரிசையில் பாட்டிக்குப் பக்கத்தில் பேத்தி குனிந்து நிற்கவில்லை. சொல்லிக்கொடுக்க இடமாக இருந்தது அந்த வரிசைதான். முதுகு ஒடியும் அந்த வேலைக்கே பேத்தி திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும். ஆனால் வரிசையில் நடந்த பாடம் வேறெங்கே நடக்கப்போகிறது என்று யோசித்தாக வேண்டும்.

கோடியக்கரைக் காடு இன்னொரு பக்கம். 1967 முதல் சரணாலயம். மருத்துவச் செடிகளுக்குப் பேர்போன பசுமைமாறாக் காடு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி அதைப் புரட்டிப்போட்டது. இடைவெளி கிடைத்த இடத்தில் எல்லாம் சீமைக்கருவேல் நெருங்குகிறது. காட்டோர ஊர்ப் பெண்களுக்கு எந்த வேர் எந்த ஓடைக்கரையில் நிற்கும் என்பது மனப்பாடம். புயலுக்குப் பின் எது திரும்பி முளைத்தது, எது முளைக்கவில்லை என்று முதலில் கண்டவர்களும் அவர்கள்தான்.

செய்ய வேண்டியவற்றுக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் தன்னார்வலர்களாக வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரையோடு சேர்த்து வீட்டில் என்ன கஷாயம் குடிக்கிறீர்கள், எத்தனை நாளாக என்று அவர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டால், ஆபத்தானதை நிறுத்தச் சொல்லவும் முடியும், அந்த ஊரில் விவரம் தெரிந்த பெண் யார் என்பதும் தெரிந்துவிடும். ஆரம்பச் சுகாதார நிலையத்துச் சித்த மருத்துவர் அந்தப் பெண்ணை மாதம் ஒருமுறை உட்காரவைத்துப் பேசலாம். அவள் வந்துபோகிற அரைநாள் கூலியைக் கொடுத்துவிட்டுப் பேச வேண்டும்.

ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்பது சட்டம். குழு உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், 18 சதவீதம் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு விதிகளே சொன்னன. பதிவேட்டில் செடியின் பெயருக்கு நேராக, அதைச் சொன்னவரின் பெயரையும் அவர் சம்மதித்தாரா என்பதையும் எழுத ஒரு கட்டம் போட வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊரில் அடுத்தது வரும்போது எழுந்து நின்று அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், பதிவேடு எங்கே இருக்கிறது, அதில் நம் ஊர்க் களையெடுக்கும் பெண்களில் ஒருவர் பெயராவது இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி வாசிக்கச் சொல்லுங்கள்.